ஒப்பம் வாங்கினால் போதாது, பக்கத்தில் கதிரை போடவேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைக் கணினிக்கு மாற்றினோம். நிர்வாக சபை கேட்டதையெல்லாம் எழுதி ஒப்பமும் வாங்கியாயிற்று. பாவனையாளர் பங்கேற்பு அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழை. ஒப்பமிட்டவர்கள் எவரும் அந்தத் திரைக்கு முன்னால் இருக்கப்போவதில்லை.

அடுத்த முறை காசாளருக்குப் பக்கத்தில் கதிரை போட்டோம். கேள்வி இல்லை, கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பது. பற்றுச்சீட்டு, நாளேடு, அங்கத்தவர் அட்டை என்று ஒரே தொகையை மூன்று இடத்தில் எழுதுகிறார். கேட்டிருந்தால் "காசு வாங்கிப் பதியிறது" என்று மட்டும் சொல்லியிருப்பார். பழகிய வேலை வாய்க்கு வராது. அங்கத்தவர் இலக்கத்தை மறந்து வருபவரைத் தகப்பன் பெயரால் தேடுகிறார். எங்கள் திரையோ இலக்கத்தை மட்டுமே கேட்டது.

திரையில் தேசிய அடையாள அட்டை எண்ணை எழுதும் பெட்டியில் 10 எழுத்துக்கே இடமிருந்தது. 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ள பழைய அட்டைக்கு அது போதும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண் அதற்குள் அடங்காது. பெட்டியைப் பெருப்பித்தால் அடுத்த சிக்கல்: ஒரே ஆள் பழைய எண்ணில் ஒருமுறை, புதிய எண்ணில் ஒருமுறை பதிவாவார். பழைய எண்ணுக்கு முன்னால் 19 போட்டு, முதல் 5 இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, மீதி 4 இலக்கத்தை எழுதி, கடைசி எழுத்தை விட்டு ஒப்பிட்டால் இரட்டைப் பதிவு அகப்படும்.

தட்டச்சில் பிடிவாதம் வேண்டாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகிய விரல் பாமினியிலேயே தட்டட்டும். சேமிப்பது யூனிகோடில் இருக்கட்டும். பழைய கோப்புகளை மாற்றும்போது "கோ" போன்ற எழுத்துகளைக் கவனியுங்கள். பாமினிக் கோப்பில் கொம்பு மெய்க்கு முன்னால் கிடக்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரவேண்டும். வரிசை மாற்றாவிட்டால் பெயர் சிதறும்.

திருப்தியை அளக்க ஜோன் புரூக் என்பவர் 1986இல் வகுத்த 10 வினாப் படிவம் (SUS) போதும். ஒவ்வொன்றுக்கும் விடை 1 (முற்றிலும் உடன்பாடில்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரை. ஒற்றை எண் வினாக்களுக்கு விடையில் 1 கழிக்கவேண்டும், இரட்டை எண் வினாக்களுக்கு 5இலிருந்து விடையைக் கழிக்கவேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்கவேண்டும். 100க்கு 68 நடுத்தரம். பயிற்சி நாளில் கொடுக்காதீர்கள். முதல் மாதமுடிவுக் கணக்கு முடிந்தபின் கொடுங்கள். முகாமையாளர் கையால் சேகரிக்கவும் வேண்டாம், பயத்தில் எல்லாவற்றுக்கும் 5 விழும். ஒன்றுவிட்டு ஒன்று குறை சொல்லும் வினா என்பதால் அப்படிப்பட்ட படிவத்துக்குச் சரியாக 50 வரும். எல்லாம் 5 என்றிருப்பதை எடுத்து வைத்துவிட்டு, அதை நிரப்பியவருக்குப் பக்கத்தில் திரும்பவும் கதிரை போடுங்கள்.