இன்சுலின் டிரிப்பை அவசரப்பட்டு நிறுத்தினால்: ஒரு டிகேஏ நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய அனுபவம்

“சர்க்கரை 210-க்கு வந்துவிட்டது, இன்சுலினை நிறுத்திவிட்டோம், வார்டில் பார்த்துக்கொள்ளவும்.” ஐசியூவிலிருந்து வந்த கேஸ் ஷீட்டில் கடைசி வரி இதுதான். டைப் 1 நீரிழிவு உள்ள இளம்பெண், எடை 50 கிலோ, கொஞ்ச மாதங்களுக்குள் இரண்டாவது டிகேஏ (டயபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ்: இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்வது). கடைசியாக எடுத்த பைகார்பனேட் 12, அதாவது அமிலம் இன்னும் தெளியவில்லை, என்ற லேப் சீட்டு அதே கேஸ் ஷீட்டின் பின்னால் பின் குத்திக் கிடந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. டிரிப்பை நிறுத்துவதற்கு முன் தோலுக்கடியில் ஒரு யூனிட் இன்சுலின்கூடப் போட்டிருக்கவில்லை.

டிகேஏ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து சொல்லாமலே புரியும். நரம்பு வழியாகப் போகும் ரெகுலர் இன்சுலின் ரத்தத்தில் நிற்பது சில நிமிடங்கள்தான். டிரிப்பை மூடிய அரை மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். டைப் 1 நோயாளிக்கு உடம்பில் சொந்த இன்சுலின் கிடையாது. கல்லீரல் மறுபடி கீட்டோன் தயாரிக்க ஆரம்பித்துவிடும். சர்க்கரை குறைவது சிகிச்சையின் முதல் பாதி. ரத்தத்தில் உள்ள அமிலம் தெளிவது அடுத்த பாதி. முதல் பாதி சீக்கிரம் முடியும், இரண்டாவது அதற்குப் பிறகும் பல மணி நேரம் இழுக்கும்.

எதிர்பார்த்தபடியே மாலைக்குள் வாந்தி. மூச்சு ஆழமாக, வேகமாக, இளைப்பே இல்லாமல் ஓடியது. குளுக்கோமீட்டரில் 340. டூட்டி டாக்டர் போனிலேயே “மணிக்கு 5 யூனிட் ஆரம்பியுங்கள்” என்றார். கிலோவுக்கு 0.1 யூனிட் என்ற கணக்கு, அளவில் தவறில்லை. ஆனால் பொட்டாசியம் தெரியாமல் டிகேஏவில் இன்சுலினைத் தொடக்கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே ஒருமுறை சிகிச்சை ஓடி, வாந்தியும் எடுத்த உடம்பில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. லேப் முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சலைனை ஓட்டிக்கொண்டே ஒரு இசிஜி எடுத்துவிடலாம். டி அலை தட்டையாகி, அதை ஒட்டி யு அலை தெரிந்தது, பொட்டாசியம் குறைவு என்பதற்கு அடையாளம். பின்னால் வந்த லேப் முடிவில் பொட்டாசியம் 3.1. மதிப்பு 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், அது ஏறிய பிறகுதான் இன்சுலின். டாக்டரிடம் எண்ணைச் சொன்னதும் அவரே உத்தரவை மாற்றினார். போனில் வாங்கும் உத்தரவுக்கு ‘பொட்டாசியம் எவ்வளவு?’ என்ற இந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது தகராறு ஆகாது, கேட்கத்தான் வேண்டும்.

நம்மிடம் உள்ள பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் 10 மில்லி, அதில் 20 மில்லிமோல். ஒரு ஆம்பியூலை 500 மில்லி சலைனில் கலந்து 2 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 10 மில்லிமோல். சாதாரண வார்டில், கை நரம்பில், இதற்கு மேல் வேகம் வேண்டாம். ஆம்பியூலை நேராக நரம்பில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, இதயம் நின்றுவிடும். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலிலேயே ஊசியைக் குத்திப் பொட்டாசியத்தைச் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது கனமான திரவம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் சில நிமிடங்களுக்கு நோயாளிக்குள் போவது கிட்டத்தட்ட கலக்காத பொட்டாசியம். பாட்டிலை இறக்கி, சேர்த்து, பத்து தடவையாவது தலைகீழாகப் புரட்டி, மேலே லேபிள் ஒட்டி, பிறகு மாட்டுங்கள். கை எரிகிறது என்று நோயாளி சொன்னால் வேகத்தைக் குறைத்து கேனுலா இருக்கும் இடத்தைப் பாருங்கள். சிறுநீர் போகிறதா என்பதை முதலிலேயே உறுதி செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பொட்டாசியம் ஏறியதும் இன்சுலின். வார்டில் சிரிஞ்ச் பம்ப் இல்லை, இருந்த ஒன்றும் பக்கத்து வார்டில். மைக்ரோ டிரிப் செட் போதும், கணக்கு அழகாக வரும்: 500 மில்லி சலைனில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், அதாவது 1 மில்லிக்கு 0.1 யூனிட். மைக்ரோ செட்டில் 60 சொட்டு 1 மில்லி. ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ அதேதான் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு. 5 யூனிட் என்றால் மணிக்கு 50 மில்லி, நிமிடத்துக்கு 50 சொட்டு. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கலந்த திரவத்தில் 50 மில்லியைக் குழாய் வழியாக ஓட்டிக் கொட்டிவிட்டுத்தான் நோயாளிக்கு இணைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் ஒரு மணி நேரம் சர்க்கரை அசையாது, அளவு போதவில்லை என்று யாராவது கூட்டிவிடுவார்கள், பிறகு மொத்தமாக இறங்கும். இந்த டிரிப்புக்குத் தனி கேனுலா. நோயாளி கையை மடக்கினால் சொட்டு மாறும், அதனால் மணிக்கொரு முறை எண்ணிப் பார்க்காமல் நம்பக்கூடாது.

50 யூனிட் எடுக்கும்போது இன்சுலின் குப்பியின் (வயல்) மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மில்லிக்கு 40 யூனிட் வயலில் 50 யூனிட் என்பது 1.25 மில்லி, மில்லிக்கு 100 யூனிட் வயலில் அரை மில்லி. பழக்க தோஷத்தில் 100 வயலிலிருந்து 1.25 மில்லி எடுத்தால் பாட்டிலுக்குள் 125 யூனிட் போயிருக்கும். இந்த 40, 100 தகராறு இந்த நோயாளியின் விஷயத்தில் மறுபடி வரும்.

இரவு முழுவதும் மணிக்கொரு சர்க்கரை. எந்தக் கையில் டிரிப் ஓடவில்லையோ அந்தக் கையில் எடுக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையிலிருந்து ரத்தம் எடுத்து ‘சர்க்கரை 600, பொட்டாசியம் குறைவு’ என்று லேப் பயமுறுத்துவது வழக்கமான கூத்து. சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்தவில்லை. டாக்டர் உத்தரவுப்படி டிஎன்எஸ் (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன்) சேர்த்து, இன்சுலினைப் பாதியாக, 25 சொட்டாகக் குறைத்தோம். சர்க்கரைத் தண்ணீரையும் கொடுத்து இன்சுலினையும் கொடுக்கிறீர்களே என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இன்சுலின் ஓடினால்தான் கீட்டோன் நிற்கும்; அது ஓட வேண்டுமென்றால் சர்க்கரை விழாமல் தாங்க டெக்ஸ்ட்ரோஸ் வேண்டும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார்.

காலையில் சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் கீட்டோன் இன்னும் 3+. இதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். அந்தப் பட்டை காட்டுவது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை மட்டும். டிகேஏவில் அதிகம் இருப்பது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இன்னொரு வகை, சிகிச்சை பலிக்கும்போது அது அசிட்டோஅசிட்டேட்டாக மாறுகிறது. ஆகவே நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போது பட்டை இன்னும் கருப்பாகலாம். பைகார்பனேட்டும் தனியாக ஏமாற்றும். நிறைய சலைன் ஏறிய உடம்பில் குளோரைடு கூடி, பைகார்பனேட் மெதுவாகத்தான் ஏறும். சோடியம் 138, குளோரைடு 112, பைகார்பனேட் 15 என்று வந்தது; 138-லிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 11. அனயான் கேப் என்ற இந்த இடைவெளி மூடிவிட்டது, அதாவது கீட்டோன் அமிலம் தெளிந்துவிட்டது, பிஹெச் 7.32, வாந்தி இல்லை, பசிக்கிறது என்கிறார். இதுதான் டிரிப்பை நிறுத்தும் நேரம்.

நேர்மாறாகவும் சர்க்கரை எண் ஏமாற்றும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடும் நோயாளி சர்க்கரை 180-லேயே டிகேஏவில் இருக்கலாம். காப்புரிமை முடிந்த பிறகு அதன் விலை இறங்கி, இப்போது எங்கும் கிடைக்கிறது. வாந்தியும் வேக மூச்சுமாக வருபவரிடம் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள்.

ஐசியூவில் விட்டுப்போன படி, டிரிப்பை நிறுத்தும் இந்த இடத்தில்தான்: தோலுக்கடியில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுவிட்டு, அதன் பிறகு 2 மணி நேரம் டிரிப்பை ஓடவிட்டுத்தான் மூட வேண்டும். சாப்பாட்டு ஊசியை உணவு வண்டி வார்டு வாசலுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் வண்டி வராது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கேஸின் உண்மையான முடிச்சு. பழைய சீட்டில் இருந்த அளவையே, காலை 28, இரவு 20 யூனிட் 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30, மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம் கலந்தது) என்று, மறுபடி எழுதினார்கள். இரவு 3 மணிக்கு வியர்வை, நடுக்கம், சர்க்கரை 54. நினைவு இருந்ததால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 90-க்கு வந்ததும் பிஸ்கட். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில்.

வீட்டில் 48 யூனிட்டுக்கு 400-ல் நின்ற சர்க்கரை, வார்டில் அதே 48 யூனிட்டுக்கு எப்படி 54 ஆனது? டிகேஏ தெளிந்த பிறகு இன்சுலின் தேவை குறைவது உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது போதாது. முதல் அட்மிஷனில் கேஸ் ஷீட்டில் ‘ஊசியை ஒழுங்காகப் போடாதவர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். “ஒரு வேளைகூட விட்டதில்லை சிஸ்டர், நான்தான் பக்கத்தில் நிற்பேன்” என்று அம்மா அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் போடும் வயலையும் ஊசியையும் எடுத்துவரச் சொல்லி, எப்படி எடுக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னோம். சுத்தமாக, சரியாக எடுத்தார். வயல் 40 யூனிட். ஊசியின் மூடி ஆரஞ்சு.

ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. சிவப்பு மூடிதான் 40 யூனிட் வயலுக்கு. ஆரஞ்சு ஊசியில் 28 கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 0.28 மில்லி, 40 வயலில் அது 11.2 யூனிட் மட்டும். இரவு 20 என்று நினைத்துப் போட்டது 8. நாள் முழுக்க 48 என்று சீட்டில் இருந்தாலும் உடம்புக்குப் போனது 19.2. மெடிக்கலில் ‘இன்சுலின் ஊசி’ என்று கேட்டிருக்கிறார், கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை குறையவில்லை என்று ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள், ஊசியை ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கே டாக்டர் அளவைக் காலை 20, இரவு 12 என்று குறைத்தார். சரியான ஊசியைக் கையில் கொடுத்துவிட்டுப் பழைய அளவையே விட்டுவிட்டால் வீட்டில் நடுராத்திரி மயக்கம் நிச்சயம். தலைகீழ்த் தவறு இன்னும் மோசம்: பேனாவுக்கான 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு ஊசியால் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘40 யூனிட்/மில்லி வயல், சிவப்பு மூடி ஊசி’ என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைத்தோம். சிவப்பு மூடி ஒன்றை அட்டையிலேயே ஒட்டியும் கொடுத்தோம். மெடிக்கலில் பேசி விளக்க வேண்டாம், காட்டினால் போதும். வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுப்போட்டுத் தடித்திருந்த கட்டிகளைத் தொட்டுக் காட்டி, அங்கே போட்டால் மருந்து ஒழுங்காக ஏறாது என்று சொல்லி, ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னோம். கலங்கலான 30/70 வயலைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும், பால் மாதிரி ஒரே சீராக வரும்வரை. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு, வயலைத் தண்ணீர் படாத டப்பாவில் வைத்து இறக்கினால் போதும், திறந்த வயலை 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஐஸில் நேராக வைத்து உறைந்துபோனால் உருகிய பிறகும் அது உதவாது. காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை முழுக்க நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

இதற்குப் பிறகும் ஒரு வீண் அலைச்சல் பாக்கி இருந்தது. சம்மரியில் இன்சுலின் பிராண்டு பெயரில் இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலமாரியில் அதே 30/70 மருந்து இருந்தது. ‘மனித இன்சுலின் 30/70, 40 யூனிட்/மில்லி’ என்று பொதுப்பெயரில் திருத்தி, சீல் வைத்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கிடைத்தது. டிஸ்சார்ஜ் அன்றே பொதுப்பெயரும் சீலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரு மாதத்துக்கு எத்தனை வயல் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு 32 யூனிட், 30 நாளைக்கு 960, ஒரு வயலில் 400, ஆகவே 3. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த மாதம் வயல் வாங்கப் போகும்போது அங்கேயே ஒப்படைத்துவிடலாம்.