மீதி ஒரு சதவீதம்

2024 செப்டம்பர் 5

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்த விபத்து நடந்து இன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள். அன்று இறந்த முப்பதுக்கும் மேற்பட்டோரில் பலர், உதவிக்கு ஓடிப்போன அக்கம்பக்கத்துக்காரர்கள். ஆண்டுதோறும் இந்த நாளில் எங்கள் பட்டாசு ஆலையின் ஆய்வகக் கதவைத் திறக்கும்போது கை ஒரு கணம் தயங்குகிறது.

இன்று வந்த கந்தகத்தில் மூன்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி வடிகட்டிப் பார்த்தால் லிட்மஸ் தாள் சிவந்துவிட்டது, அமிலம் இருக்கிறது என்று பொருள். நான்காவது மூட்டையில் நறநறவென்று மணல். வெடிமருந்துக்குள் ஒரு மணல் துகள் இருந்தால் சாதாரண உராய்வே தீப்பொறிக்கு ஈடாகிவிடும். தீபாவளிக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது என்று போர்மேன் முகம் வாடினார். வாடட்டும்.

செப்டம்பர் 11

மதுரையில் படிக்கும் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். வீட்டு மாடியில் தானே வாணம் செய்து பார்க்கப் போகிறானாம். "பெர்குளோரேட் வாங்கிவிட்டேன் மாமா. தொண்ணூற்றொன்பது சதவீதத் தூய்மை என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது. பிறகென்ன பயம்?" பெர்குளோரேட் என்பது வெடிமருந்து எரிய ஆக்சிஜன் தரும் உப்பு.

உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது குற்றம் என்று முதலில் சொன்னேன். அது அவன் காதில் ஏறவில்லை. "சரி, மீதி ஒரு சதவீதம் என்னடா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்த ஒரு சதவீதம் சோடியமாக இருந்தால் நிறம் கெடும். சோடியத்தின் மஞ்சள் அவ்வளவு வலியது. ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பை ஆரஞ்சாக்கிவிடும். அழகு போனால் போகட்டும். ஆனால் பெர்குளோரேட்டை, அதைவிட எளிதில் வினைபுரியும் குளோரேட் உப்பிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். மாறாத குளோரேட் அதில் தங்கியிருக்கலாம். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால், கந்தகத்தில் இருக்கும் துளி அமிலமே போதும், தீக்குச்சி வேண்டாம். அந்தக் கலவையைப் பிரிட்டன் 1894-லேயே தடை செய்தது. நம் நாட்டில் 1992-ல் தடை வந்தது.

"யோசிக்கிறேன் மாமா" என்று வைத்துவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 19

கிடங்கில் ஒரு வெற்றுச் சாக்கைக் கண்டு திடுக்கிட்டேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த பழைய சாக்கு. தீக்குச்சி மருந்துக்குக் குளோரேட் இல்லாமல் முடியாது. அங்கே அது பசையோடு ஈரமாகக் கலக்கப்படுகிறது. இங்கே அதன் தூசிகூட ஆகாது. யாரோ சிக்கனமாகக் கொண்டுவந்து, கந்தகம் அள்ள வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் முக்கி வெளியேற்றச் செய்தேன். யாரையும் திட்டவில்லை. ஆனால் மருந்து அறைப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். "இதை ஏன் இத்தனை நாள் எங்களிடம் சொல்லவில்லை?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இனி மாதம் ஒருமுறை சொல்லப் போகிறேன்.

அக்டோபர் 16

மழை. மருந்து கலப்பதை நிறுத்தினோம். நைட்ரேட்டும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவையில் ஈரம் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். சில வேளை அம்மோனியா வாடை வரும், சில வேளை அதற்கும் நேரம் இருக்காது. முந்திய நாள் மீந்த மருந்தை மறுநாள் காலையில் தொடுவதுதான் எனக்கு மிகப் பெரிய அச்சம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். விடுமுறைக்கு வந்திருந்த பையன் தானாகவே பொட்டலங்களை எடுத்துவந்து வைத்தான். பெர்குளோரேட், கந்தகம் இரண்டும் தனித்தனியாக இருந்தன, கலக்கவில்லை. பெருமூச்சு விட்டேன்.

"ஆனால் மாமா, கட்டி கட்டியாக இருந்ததால் இரண்டையும் சலித்தேன்."

"எதில்?"

சமையலறையிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தான். இரண்டுக்கும் அதே சல்லடை. கம்பி வலையின் ஓரத்தில் மஞ்சள் தூசி ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை வாங்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினேன். பொட்டலங்களைத் தனித்தனி டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 21

சோதனை முடிந்தது. அவனுடைய தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் குளோரேட் இருக்கிறது. அவனை அழைத்துச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சோதனையை நேரில் பார்க்கலாமா என்று கேட்டான். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

சல்லடையை நன்றாகக் கழுவி மாவு சலிக்கலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். மாலையில் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன்.