ரேடியோ செட்டுக்காரனின் ஆடிக் குறிப்புகள்

17 ஜூலை 2025, வியாழன் (ஆடி 1)

காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி முடித்தோம். 47 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆடி முதல் நாள் பாட்டு வரிசையை இன்றுவரை மாற்றியதில்லை. பிள்ளையாருக்குச் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு ஒன்று, அது முடிந்ததும் எல்.ஆர். ஈஸ்வரியின் ‘செல்லாத்தா’. கல்லூரிக்குப் போவதற்கு முன் எனக்கு ஒத்தாசைக்கு வரும் பையனுக்கு 19 வயது. வயரைச் சுற்றிக்கொண்டே அந்தப் பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். “யார் பாடறாங்கன்னு தெரியுமா சாமி?” என்று கேட்டேன். “அம்மன் பாட்டுங்க பெரியப்பா” என்றான். அதற்கு மேல் ஒருவர் பெயர் இருக்கும் என்றே அவன் நினைத்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பாடியவர் பிறந்தது கிறித்தவக் குடும்பத்தில், இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி, இப்போது 85 வயது என்று சொன்னேன். வயரை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். 2011-இல் ‘ஒஸ்தி’ படத்தில் ‘கலாசலா’ பாடியதும் இதே அம்மாதான் என்றபோது, நான் ஏதோ கதை கட்டுகிறேன் என்று முடிவு செய்துவிட்டான்.

20 ஜூலை, ஞாயிறு

இரண்டு நாளாக அதே யோசனை. எனக்கு மட்டும் இந்தப் பெயர்களெல்லாம் எப்படித் தெரிந்தன? நான் தேடிப் படித்தவன் அல்லன். இலங்கை வானொலியில் பாட்டு வருவதற்கு முன்பே படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவர்களுக்குக்கூட அந்த வரிசை மனப்பாடம். தொழிலுக்கு வந்தபின் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தைப் படித்தால்தான் எந்தத் தட்டை எடுப்பது என்று தெரியும். ஒலிநாடா வந்தபோது அட்டையில் படமும் பெயரும் இருந்தன. இப்போது என் சட்டைப் பையில் இருக்கும் பென்டிரைவில் ‘அம்மன் 1’ முதல் ‘அம்மன் 64’ வரை இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவன் நான்தான். பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி?

இன்னொன்றும் தோன்றியது. காலையில் போடும் கந்த சஷ்டி கவசம் எங்கள் சென்னிமலையில்தான் அரங்கேறியது என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் தேவராய சுவாமிகள் என்பதையும் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் அவர் தம் பெயரைக் கவசத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். அதை வீடுதோறும் கொண்டுசேர்த்த சூலமங்கலம் சகோதரிகளின் குரலுக்குள் அவர்களுடைய பெயர் இல்லை. 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் பாட்டை முடிக்கும்போது தம் பெயரைத் தாமே சொல்லி முடிப்பார். அந்த அம்மாளின் முன்யோசனையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

25 ஜூலை, வெள்ளி

கூழ் ஊற்றும் இடத்தில் கூடியிருந்த பிள்ளைகளிடம் விசாரித்தேன். இளையராஜாவை எல்லோருக்கும் தெரியும், எஸ்.பி.பி.யையும் தெரியும், தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ‘நான் ஆணையிட்டால்’ பாடியது எம்.ஜி.ஆர். என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். டி.எம். சௌந்தரராஜன் இதைக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பாரா, தம் வேலைக்குக் கிடைத்த நற்சான்று என்று எடுத்துக்கொண்டிருப்பாரா என்று தெரியவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி வந்திருக்கிறாள். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் பார்த்த நாளிலிருந்து ‘கண்மணி அன்போடு’ பாட்டு அவளுடைய கைபேசியில் அழைப்பொலியாக இருக்கிறது. அது 1991-இல் வந்த ‘குணா’ படத்துப் பாட்டு என்பது தெரிகிறது, கமல்ஹாசன் பாடியது தெரிகிறது. உடன் பாடும் பெண் குரல் எஸ். ஜானகி என்றேன். “அந்தப் பொண்ணு குரல் சின்னப் பொண்ணு மாதிரி இருக்குதேங்க அப்புச்சி” என்றாள். பாடும்போது ஜானகிக்கு ஐம்பது வயது கடந்திருந்தது, இன்று 87. பழைய பாட்டு இளையவர்களிடம் போய்ச் சேராமல் இல்லை. புதிய படத்தின் தோளில் ஏறி நன்றாகவே வந்து சேர்கிறது. வழியில் இறங்கிவிடுவது பாடியவரின் பெயர்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவரும்போது ‘வாராயென் தோழி’ போடாமல் இருந்தால் ரேடியோ செட்டுக்காரனுக்குப் பேசிய கூலி கிடைக்காது என்ற காலம் இருந்தது. 1961-இல் வந்த ‘பாசமலர்’ படப்பாட்டு அது. அண்ணன் தங்கை கதை என்பதால், இணைச்சீர் செய்து உடன்பிறந்தாளுக்கு முதல் மரியாதை கொடுக்கும் எங்கள் ஊரில் அது கூடுதலாக ஒட்டிக்கொண்டது என்பது என் சொந்தக் கணக்கு. அதைப் பாடியவரும் ஈஸ்வரிதான். கல்யாணத்துக்கும் அம்மனுக்கும் குத்தாட்டத்துக்கும் ஒரே தொண்டை!

3 ஆகஸ்ட், ஞாயிறு (ஆடி 18)

கொடுமுடி. காவிரியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். படித்துறையிலிருந்து மகுடேசுவரர் கோயிலுக்கு நடந்துவரும்போது பேத்தியிடம், கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்த ஊர் இது என்றேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. கைபேசியில் படத்தைக் காட்டினேன். “ஔவையார்!” என்று உடனே சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சினிமாவில் ஔவையாராக நடித்தவர் அவர்; ஔவையாரின் உண்மையான முகமே அதுதான் என்று பள்ளிக்கூட நாட்களில் நம்பிக்கொண்டிருந்தேன். 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர், சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர், ஒரே பேருந்தில் போய் இறங்கக்கூடிய தொலைவில் பிறந்தவர் என்பதெல்லாம், 1980-இல் அவர் மறைந்தபோது பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை, அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கே’ கொடுமுடிதான் என்பதுகூட என் புத்தியில் ஏறவில்லை. ஆகவே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மட்டும் மறந்துவிட்டார்கள் என்று நான் இந்த நாட்குறிப்பில் எழுதத் தொடங்கியது பாதிதான் உண்மை.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்று வானொலிக்காரரைப் போல ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கில் பெயர் சொல்லிப் பார்த்தேன். நான்காவது பாட்டில் ஓர் ஆத்தா எழுந்து வந்து, “பேச்சை நிறுத்திப்போட்டுப் பாட்டைப் போடுப்பா, சாமி வர்ற நேரம்” என்று அதட்டிவிட்டுப் போனார். நிறுத்திவிட்டேன்.

மாலையில் பையன் பென்டிரைவைத் திருப்பித் தந்தான். ‘அம்மன் 1’ முதல் ‘அம்மன் 20’ வரை எல்லாவற்றுக்கும் பாடியவர் பெயரைத் தமிழில் தட்டி வைத்திருக்கிறான். அதில் சுசீலா பாடிய மூன்று பாட்டுக்கும் ஈஸ்வரி என்றே எழுதியிருக்கிறான். நாளைக் காலை அவனை உட்காரவைத்து, இரண்டு பேர் பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும்.