5.40 பஸ்

ஜூலை 12, 2024, வெள்ளி

இன்றோடு வேலை போனது. போனது என்று நான் எழுதுகிறேன், தாளில் நானே விட்டதாகத்தான் இருக்கிறது. ஹெச்.ஆர். அறை மேஜையில் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பெட்டியும் வைத்திருந்தார்கள், அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "நீங்களே ரிசைன் பண்ணிட்டீங்கன்னா அடுத்த இடத்துக்கு நல்லது சார்" என்றான் அந்தப் பையன். நான் சேர்ந்த வருஷம் அவன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்திருப்பான். பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன், எதையும் இரண்டு முறை அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இதை முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

வெளியே வரும்போது செக்யூரிட்டி வழக்கம்போல சல்யூட் வைத்தார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை போல.

ஜூலை 15, திங்கள்

அலாரம் இல்லாமலே நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. குளித்தேன், ஷேவ் பண்ணினேன், அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. 5.40-க்குக் கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் நின்று இரண்டு ஹாரன் அடித்துவிட்டு ஒரகடம் பக்கம் போகும். அது போகிற வரை பாத்ரூமுக்குள்ளேயே நின்றேன். ஜன்னல் வழியாக யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் நின்றேன்.

அம்மாவிடம் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்து நாலு வயசில் அம்மாவிடம் பொய்.

ஜூலை 23, செவ்வாய்

கணக்கு போட்டேன். கிராஜுவிட்டிக்குக் கடைசி பேசிக், டி.ஏ. இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 24,000, பதினெட்டு வருஷம், ஆக இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். பி.எஃப்.பில் ஒரு மாசம் கழித்து முக்கால்வாசி எடுக்கலாம், மிச்சத்துக்கு இரண்டு மாசம் ஆக வேண்டும். பென்ஷன் பகுதியைத் தொட முடியாது, பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் பணமாகத் தர மாட்டார்கள். வீட்டுக் கடன் மாசம் 14,600.

பழைய சங்கத்துக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். 2019-இல் எனக்கு 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று பேர் மாற்றிக் கொடுத்தார்கள், சம்பளம் அறுநூறு ரூபாய் ஏறியது, நான் லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். அதனால் நான் 'தொழிலாளி' கணக்கில் வர மாட்டேன், ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "பேரை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க தம்பி, கையால என்ன வேலை செஞ்சேன்னுதான் பார்ப்பாங்க. நீ கேஜும் கையுமா நின்னவன்தானே?" என்றார். அப்புறம், "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லவில்லை. பணம் போனதைவிட, யாரையும் கேட்காமல் போட்ட அந்த ஒரு கையெழுத்துதான் அறுக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒரு பழைய ஞாபகம், எழுதிவிட்டால் தேவலை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடினார்கள். அந்த வாரம் எங்கள் பஸ்ஸில் முழுக்க அதே பேச்சு. "ஒரே வேலையைக் கத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா இப்படித்தான்" என்று சத்தமாகச் சொன்னது நான். முன் சீட்டில் இருந்தவரின் தங்கை அங்கேதான் வேலை பார்த்தாள், அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பின்னந்தலை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று வீட்டில் சண்டை. தப்பு என்மேல்தான். ஒரு மாசமாகக் குக்கர் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது, மகள் நோட்டில் மார்ஜின் கோணல், பால் பாக்கெட்டை வெட்டும் விதம் சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். காலையில் தோசையை எடுத்து, "ஓரம் ஒரு தடிமன், நடு ஒரு தடிமன்" என்றேன். விளையாட்டாகத்தான். இவள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு, "ஏங்க, இந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வேணும்னு யாரும் விளம்பரம் குடுக்கல" என்றாள். மகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான். ஒரு பொருளை எடுத்துப் பார்த்து இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வது. நான் 'போகக்கூடாது' என்றால் பிளான்ட் ஹெட்டே வந்து நிற்பார், லாரி நிற்கும். இங்கே தோசை மட்டும்தான் நிற்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

இருங்காட்டுக்கோட்டையில் இன்டர்வியூ. எதிரே இரண்டு சின்னப் பசங்க, மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஏன் சார் ரிசைன் பண்ணீங்க?" என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடும்பக் காரணம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள், இதோடு நாலாவது 'கூப்பிடுகிறோம்'.

சாயங்காலம் அக்கா பையன் வந்திருந்தான், எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி படிக்கிறான். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் துணி ஆலை மூடி ஊரே வேலையில்லாமல் இருந்ததாம், ஆராய்ச்சிக்காரர்கள் போய்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தெருவில் ஜனங்கள் நடக்கிற வேகத்தை அளந்தார்களாம். ஆம்பளைங்க மெதுவாக நடந்து நடந்து நின்றார்கள், பெண்களுக்கு அடுப்பு, துணி, பிள்ளைகள் என்று வேலை இருந்ததால் அவர்கள் வேகமாகப் போனார்கள். நேரம் கொள்ளையாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்துபோயிருக்கிறது. "மாமா, உங்களைச் சொல்லல" என்றான். என்னைத்தான் சொன்னான்.

ராத்திரி மருந்துக்கடை வரை நடந்தபோது எண்ணிப் பார்த்தேன். போகவர ஏழு முறை நின்றிருக்கிறேன். ஒரு முறை, மூடியிருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டு.

செப்டம்பர் 24, செவ்வாய்

திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு லேத் பட்டறை. பழைய சப்ளையர் ஒருவர் சொல்லி அனுப்பினார். அங்கே செய்த புஷ்களை, நடுவில் துளை உள்ள சின்ன உருளைகளை, ஒரு கஸ்டமர் மொத்தமாகத் திருப்பியிருக்கிறார், உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். பதினெட்டு வருஷ அனுபவத்துக்கு இதுவா என்று நேற்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. போனேன்.

16 மில்லிமீட்டர் துளை. 18 மைக்ரான் வரை பெரிசாகலாம், அவ்வளவுதான், ஒரு தலைமுடியில் கால்வாசி. துளைக்குள் விட்டுப் பார்க்கிற பிளக் கேஜின் கோ பக்கம் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், கொஞ்சம் பெரிசான நோ-கோ பக்கம் வாயிலேயே நின்றுவிட வேண்டும். முதல் இருபது வரை கை நடுங்கியது, கேஜை அழுத்தினேன். அழுத்தக்கூடாது. புதுப் பசங்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான், கேஜ் சொல்வதை நீ கேள், நீ சொல்வதைக் கேஜ் கேட்காது என்று. அப்புறம் கைக்குப் பழைய தாளம் வந்துவிட்டது. எண்ணெய் வாசனை, துடைக்கும் துணி, இடது பக்கம் நல்லது, வலது பக்கம் சிவப்புத் தட்டு. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன், ஜூலைக்கு அப்புறம் முதல் தடவையாக.

அறுநூறில் நாற்பத்து மூன்று போகாது என்றேன். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், குதித்தார். "இதெல்லாம் யாருய்யா பார்ப்பா? பெரிய கம்பெனிக் கண்ணை எடுத்துட்டு வந்துட்டியா?" நானும் விடவில்லை, ஏழெட்டை அவர் கையிலேயே கேஜைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தார்.

வேலைக்காக என்னை யாராவது திட்டி இரண்டரை மாசம் ஆகிறது. பைக்கில் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

கம்பெனியில் இன்றைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், ஆளுக்கு ஒரு பை பொரி, ஸ்வீட் பெட்டி. போன வருஷம் ஒரு டிபன் கேரியர் கூடக் கொடுத்தார்கள். காலையில் அதை நினைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன்.

அம்மா வந்து, "உன் சாமானைக் கொண்டாடா" என்றாள். எந்தச் சாமான் என்றேன். அந்த இரும்பு ஸ்கேல் மாதிரி இருக்குமே என்றாள். 2006-இல் பாரிமுனை போய், இரண்டாவது மாசச் சம்பளத்தில் வாங்கிய மிட்டுடோயோ வெர்னியர். மகள் புத்தகங்கள், இவள் அரிவாள்மணை, தையல் மெஷின் பக்கத்தில் அதையும் வைத்தாள். அளக்கிற முனை, அந்த ஜா மேல் குங்குமம் வைக்கப் போனாள், "அங்க வேணாம்மா, பெட்டியில வை" என்று கத்திவிட்டேன்.

"ஷிப்ட் மாறினவன் டிபன் பாக்ஸ் மூணு மாசமா அலமாரியிலேயே இருக்குமாடா?" என்றாள், பெட்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டே. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை, பொரியில் கடலையும் வெல்லமும் கலக்கப் போய்விட்டாள்.

ஏழு மணிக்கு லேத் பட்டறைக்காரர் போன். முந்நூறு பீஸ், உடனே வேண்டுமாம், இப்பவே வர முடியுமா என்றார். பூஜையில் வைத்ததை இன்றைக்கு எடுக்கக்கூடாது, நாளைக்கு ஏழு மணிக்கு வருகிறேன், ஆயிரத்து இருநூறு ஆகும் என்றேன். ஆறு மணிக்கே வா, ஆயிரத்து நூறு என்றார். கொஞ்ச நேரம் இழுத்து, ஆறரை மணி, ஆயிரத்து நூற்றைம்பதுக்கு முடிந்தது.