கடைசி நிர்வாகிக் கணக்கைத் தொலைக்காமல் இருக்க

உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இரு லினக்ஸ் வகைகளிலும், எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கு பூட்டிய நிலையில்தான் வருகிறது. இன்ஸ்டால் செய்யும்போது உருவாகும் முதல் கணக்கு 'சூடோ' என்ற குழுவில் சேர்ந்துவிடும். அந்தக் குழுவில் இருப்பவர்தான் நிர்வாகி; அவர் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று அடித்தால் அது ரூட் அதிகாரத்தோடு ஓடும். மற்றபடி அந்தக் கணக்கில் தனிச்சிறப்பு எதுவும் கிடையாது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் அதே வேலையைச் செய்யும் குழுவுக்கு 'வீல்' என்று பெயர்.

புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் முதல் நாளே இரண்டாவதாக ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கிவிடுங்கள். பெயர் 'காவல்' என்று வைத்துக்கொள்வோம். உபுண்டு, மின்டில் கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் 'சூடோ ஆட்யூசர் காவல்' (sudo adduser kaval) என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கணக்கு உருவாகும். அடுத்து 'சூடோ ஆட்யூசர் காவல் சூடோ' (sudo adduser kaval sudo) என்றால் குழுவில் சேரும். கடவுச்சொல் அடிக்கும்போது பல பதிப்புகளில் நட்சத்திரக்குறிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்தக் கணக்கில் லாகின் செய்து 'சூடோ ஹூஆம்ஐ' (sudo whoami) என்று கேளுங்கள்; 'ரூட்' என்று பதில் வர வேண்டும். சோதிக்காத மாற்றுச்சாவியை நம்பக் கூடாது.

நிர்வாகி அதிகாரம் பறிபோவது பெரும்பாலும், கணக்கின் அமைப்பை மாற்றும் 'யூசர்மாட்' (usermod) கட்டளையால்தான். அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வேலை செய்ய 'டயல்அவுட்' குழுவில் சேர வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அந்தக் கட்டளையில் பெரிய 'ஜி' (-G) மட்டும் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். அதன் பொருள் "இந்தக் குழுவையும் சேர்" என்பதல்ல, "இனி இந்தக் குழு மட்டும்தான்" என்பது. சூடோ உட்பட மற்ற துணைக்குழுக்கள் எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் சின்ன 'ஏ' (-aG) இருந்தால்தான் பழையவை தங்கும். குழு மாற்றம் அடுத்த லாகினில்தான் நடைமுறைக்கு வரும் என்பதால், தவறும் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். 'ஆட்யூசர்' கட்டளையில் இந்த ஆபத்தே இல்லை, அதையே பழகுங்கள்.

காவல் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து, பழைய கணக்கை மீண்டும் குழுவில் சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்து, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள் பழைய பயாஸ் (BIOS) ஆனால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். புதிய யூஇஎஃப்ஐ (UEFI) ஆனால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். வரும் மெனுவில் ரெகவரி மோடுக்குப் போய், ரூட் அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் இடமான ரூட் ஷெல்லைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கலாம். அப்போது எதைச் சேர்த்தாலும் எழுதாது. 'மவுன்ட்' கட்டளையால் அதை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு, 'ஆட்யூசர்' என்பதோடு உங்கள் பயனர் பெயரையும் 'சூடோ' என்பதையும் அடித்து ரீபூட் செய்யுங்கள்.

யாருக்கு சூடோ அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸ் (sudoers) கோப்பை சாதாரண எடிட்டரில் திறக்கவே திறக்காதீர்கள். ஒரு எழுத்துப்பிழை போதும், சூடோவே முடங்கிவிடலாம். 'விசூடோ' (visudo) கட்டளை மூலம் திறந்தால், பிழையிருக்கும்போது சேமிக்கும் முன் எச்சரிக்கும்.