கொரிந்துவில் ஒரு மண் பாதம்

கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்டது ஒரு பாதம். சுட்ட மண்ணில் செய்தது. விரல்கள் ஐந்தும் அளந்து வைத்த மாதிரி, கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் கைகள், காதுகள், மார்பகங்கள்.

“வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் விற்பார்களே, அதேதான்!” என்றார் எங்களோடு வந்த அக்கா ஒருவர். குழுவில் யாரும் மறுக்கவில்லை.

கிரேக்க நாட்டில், பழைய கொரிந்துவின் அருங்காட்சியகம் அது. அஸ்கிலேப்பியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் கோவிலில் நேர்த்திக்கடனாக வைத்த மண் உறுப்புகள் இவை. கால் வலி தீர்ந்தவர் கால், காது கேட்டவர் காது. பெரும்பாலும் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் இந்த ஊருக்கு வந்தது கி.பி. 50 வாக்கில், அதனால் இந்தப் பாதத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் கி.மு. 146இல் ரோமர்கள் இடித்துப்போட்ட இந்த நகரத்தை, ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் திரும்பக் குடியேற்றினார். வந்த குடிகள் அந்த வைத்தியர் கோவிலையும் சீர்செய்துகொண்டார்கள். பவுலின் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றவர்களில் சிலர், அதற்கு முந்தின வருஷம் வரை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் ஓடியிருப்பார்கள்.

அந்தக் கோவிலை ஒட்டிச் சாப்பாட்டு அறைகள் மூன்று இருந்தன. சுவரோரம் சாய்ந்து சாப்பிட ஒவ்வொன்றிலும் 11 திண்ணைக் கட்டில்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் “விக்கிரகக் கோவிலிலே பந்தியிருக்க” என்று வரும்போதெல்லாம் நான் ஏதோ இருட்டான பலிபீடத்தைத்தான் கற்பனை செய்திருந்தேன். விஷயம் அப்படி இல்லை. எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டில், கைரெமோன் என்பவர் சராபிஸ் என்ற தெய்வத்தின் கோவிலில் நாளை 15ஆம் தேதி ஒன்பதாம் மணிக்கு விருந்துக்கு வரும்படி ஒருவரை அழைக்கிறார். ஒன்பதாம் மணி என்றால் நம் கணக்கில் மத்தியானம் மூன்று. காதணி விழாப் பத்திரிகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாளி கூப்பிடுகிறார், மச்சான் கூப்பிடுகிறார்; சாமி பெயரில் சாப்பாடு. போகாவிட்டால் உறவு கசக்கும், போனால் சபையில் பேச்சு வரும்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுடலைமாடன் கொடை முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து கிடாக்கறி ஒரு தூக்குவாளியில் வரும். பாட்டி சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள், அவர்கள் தலை மறைந்ததும் கோழிக்குப் போட்டுவிடுவாள். தாத்தாவுக்கு அது பொறுக்காது. “கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கித் தின்னு என்று பவுலே சொல்லியிருக்கிறார்” என்பார். பாட்டி விடமாட்டாள்: “அதுக்கு அடுத்தாப்ல என்ன போட்டிருக்கு, அதையும் படியும்.” படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதே என்று அங்கே இருக்கிறது. 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடுப்படியில் சண்டையாகக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்தால் வெயில். அப்பொல்லோ கோவிலில் ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் ஏழு நிற்கின்றன, கி.மு. 6ஆம் நூற்றாண்டு வேலை. பின்னால் 575 மீட்டர் உயரத்துக்கு அக்ரோகொரிந்து மலை. உச்சியில் அப்ரோடைட் கோவில் இருந்தது. சந்தைவெளியின் நடுவில் பவுல் மேல் வந்த வழக்கைக் கேட்ட ரோம அதிபதி கல்லியோன் உட்கார்ந்த நியாயாசன மேடை. எங்கள் போதகர் அங்கே அப்போஸ்தலர் 18ஐ வாசித்து ஜெபித்தார். அழுதவர்களும் உண்டு. நான் மேடையிலிருந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவில், கடை வரிசை, நீரூற்று, மறுபடி கோவில். சாமி இல்லாத ஒரு மூலைகூட இந்த ஊரில் கிடைத்திருக்காது. கிலவுதியுராயன் ரோமாபுரியிலிருந்து துரத்திவிட்ட யூதத் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பவுலோடு சேர்ந்து கூடாரம் தைத்தது இந்தச் சந்தடியில்தான்.

தியேட்டர் பக்கம் போக நேரமில்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஒன்றேகால் மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். சாமான் கடைக்கு மட்டும் முக்கால் மணி! நானும் இன்னொருவரும் நழுவிப்போய் ஏரஸ்து கல்வெட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தோம். ஏரஸ்து தன் பதவிக்கு ஈடாகச் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் போட்டான் என்று லத்தீனில் இருக்கிறது. ரோமர் 16இல் வரும் “பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து” இவர்தானா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இவர்தான் என்றால், ஊர்ப் பதவியில் இருப்பவர் ஊர்த் திருவிழாவுக்கு என்ன சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். எல்லோரும் முறைத்தார்கள்.

அப்புறம் கெங்கிரேயா. கொரிந்துவின் கிழக்குத் துறைமுகம், பவுலின் நிருபத்தில் வரும் பெபேயாள் என்ற பெண் ஊழியம் செய்த சபை இங்கேதான். இப்போது அங்கே ஒரு சின்னக் கடற்கரை, அவ்வளவுதான். பழைய துறையின் சுவர்கள் பாதி தண்ணீருக்குள் கிடக்கின்றன. தெளிந்த நீர், கல்லின் மேல் பாசி அசைவது தெரிகிறது. ஒரு காலத்தில் இங்கே ஐசிஸ் தெய்வத்துக்கும் கோவில் இருந்தது. பின்னால் வந்த கிறிஸ்தவ ஆலயத்தின் அடித்தளமும் அதே நீரோரத்தில்தான் இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இந்தக் கரையில்தான் பவுல் ஒரு பிரார்த்தனைக்காகத் தலைச்சவரம் பண்ணிக்கொண்டு கப்பல் ஏறினார். எத்தனையோ தரம் வாசித்த வசனம். என்ன பிரார்த்தனை என்று எழுதியிருக்கவில்லை.

மேரி அத்தை ஞாபகம் வந்தது. நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள். அத்தையோ மாமாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வேளாங்கண்ணி போய் மொட்டை போட்டு வந்தவள். வீட்டில் ஒரு மாதம் அதே பேச்சு. மாமாதான் ரொம்பத் திட்டினார். தண்ணீரில் நின்றபடியே அத்தைக்கு போன் போட்டு, பவுல் மொட்டை போட்ட இடத்தில் நிற்கிறேன் என்றேன்.

“யாரு, பவுலா?”

“ஆமாத்தை. அப்போஸ்தலர் 18:18.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது: “ஏங்க, அந்த பைபிளை எடுத்துக்கிட்டு இங்க வாங்க!”