மீசை முளைச்ச பையன்

எம்பையனுக்கு இப்ப 15 வயசு, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராது), சின்னதுல இடுப்புல வச்சிக்கிட்டே ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வந்துருவேன், இப்ப 50 கிலோ, கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாத்துறதுக்குள்ள முதுகு விட்டுப் போயிடுது. அதவிட கஷ்டம் குளிப்பாட்டுறது. போன மாசம் "நீ வெளிய போம்மா, அப்பா வரட்டும்"னுட்டான். சுருக்குன்னுச்சு, ஆனா நியாயம்தானே.

பத்தாவது பரிட்சைக்கு ஸ்க்ரைபும் (அவன் சொல்லச் சொல்ல எழுதுறவங்க) ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ராவும் உண்டு, அதுக்கு அலைஞ்சது தனிக்கதை.

2022 நவம்பர்ல மெரினாவுல மரப்பாதை போட்டாங்கல்ல, அலை பக்கம் வரைக்கும் வீல்சேர்லயே போனான், ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல் அத பேத்துப் போட்டுச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. இப்ப என்னடான்னா "பிரெண்ட்ஸோட போறேன், நீ வராத"ங்குறான். நான் தள்ளி மணல்ல உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டே பாக்காத மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன்.